டிஜிட்டல் கேமராவைத் தேர்ந்தெடுத்தல்: கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

டிஜிட்டல் கேமரா வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். ஒரு கேமரா ஒருவருக்குப் பயன்படுமா என்பதை முடிவு செய்பவை வேறு மூன்று கேள்விகள். படம் எடுக்க வேண்டிய பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? அதன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது? அது அசைகிறதா, நிற்கிறதா?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய வட்டாரத்துக்குள் உயர்ந்த கோபுரங்கள், இருண்ட வாயில்களில் சிற்பங்கள், இரவு நேர நாட்டிய மேடை, சதுப்பு நிலக் காட்டில் பறவைகள், உப்புக்காற்று வீசும் கடற்கரை ஆகிய எல்லாமே உள்ளன. ஒரே நாள் பயணத்தில் ஒரு கேமராவின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். அதனால் கேமராத் தேர்வை விளக்க இந்த வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

கைபேசி இருக்கும்போது கேமரா எதற்கு?

இக்கேள்வி நியாயமானதே. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சட்டைப்பையில் அடங்கும் சிறு கேமராக்களின் இடத்தைக் கைபேசி ஏறக்குறைய முழுவதும் பிடித்துக்கொண்டது.

பகல் வெளிச்சத்தில், அருகில் இருக்கும் பொருளைப் படம் எடுக்கக் கைபேசி போதும். இருட்டாக இருந்தாலும் பொருள் அசையாமல் நின்றால் கைபேசி சமாளிக்கும். அதன் இரவுப் பயன்முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறது. கைபேசி தோற்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பொருள் தொலைவில் இருப்பது. மற்றொன்று, இருட்டில் பொருள் அசைந்துகொண்டிருப்பது. இந்த இரண்டில் ஒன்றாவது தேவைப்படாதவர் தனிக் கேமராவுக்குப் பணம் செலவழிப்பது வீண் என்றே சொல்லலாம்.

மெகாபிக்சலும் சென்சாரும்

ஏ4 தாளில் ஒரு படத்தைத் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 2480 × 3508 புள்ளிகள் வேண்டும். அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. இன்று விற்கும் எந்தக் கேமராவிலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 50 மெகாபிக்சல் என்று விளம்பரப்படுத்தப்படும் கைபேசிகளில் பலவும் இயல்பு நிலையில் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன.

எண்ணிக்கையை விட, அந்தப் புள்ளிகள் அமைந்திருக்கும் சென்சாரின் பரப்பு முக்கியம். மழை பெய்யும்போது முற்றத்தில் வைத்த அண்டாவில் விழும் நீரும் டம்ளரில் விழும் நீரும் ஒன்றல்ல. ஒளியும் அப்படித்தான். முழுச்சட்டகச் சென்சார் 36 × 24 மி.மீ. அளவுடையது. ஏபிஎஸ்-சி எனப்படும் வகை சுமார் 23.5 × 15.6 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. சிறு கேமராக்களில் உள்ள 1/2.3 அங்குல வகை சுமார் 6.2 × 4.6 மி.மீ. மட்டுமே. முழுச்சட்டகச் சென்சாரின் பரப்பு இந்தக் கடைசி வகையைப் போல ஏறத்தாழ 30 மடங்கு.

பெயர்களை நம்பி ஏமாறவும் கூடாது. "ஒரு அங்குலச் சென்சார்" எனப்படுவதன் அளவு 13.2 × 8.8 மி.மீ. தான், அதில் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துச் சொல்லப்பட்ட கணக்கு அது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கோபுரமும் கரணச் சிற்பங்களும்

சிதம்பரம் நடராசர் கோயிலின் நான்கு கோபுரங்களும் ஏழு நிலைகள் கொண்டவை. உயரம் ஏறக்குறைய 40 மீட்டர். இவற்றைப் படம் எடுக்க அகன்ற கோணம் தேவை. முழுச்சட்டகக் கணக்கில் 24 மி.மீ. லென்ஸை நெட்டாகப் பிடித்து, மேலே சாய்க்காமல் நேராக வைத்தால், முழுக் கோபுரமும் படத்தில் அடங்க 50 மீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் நிற்க வேண்டும். அதே படத்தை 50 மி.மீ. லென்ஸில் எடுக்க 100 மீட்டருக்கும் மேல் பின்னால் போக வேண்டும். வீதியில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. கிட்டே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் அடங்கிவிடும். ஆனால் பின்புறமாகச் சாய்ந்து விழுவது போலத் தோன்றும். கைபேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. கணக்கில் இருப்பதால் இந்த வேலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

கோபுர வாயில்களின் உட்சுவர்களில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களைக் காட்டும் சிறு சிற்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே நிழல். மேல்வரிசைச் சிற்பங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் உள்ளன. அகன்ற கோண லென்ஸ் இங்கே உதவாது. 85 முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸ் வேண்டும். சிற்பம் அசையப் போவதில்லை என்பதால் விலை உயர்ந்த, பெரிய துளை கொண்ட லென்ஸ் கட்டாயமில்லை. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் உறுதிப்படுத்தி வசதி இருந்தால் போதும். ஃபிளாஷ் போட்டு எடுப்பது பெரும் தவறு. முன்னாலிருந்து விழும் ஒளி சிற்பத்தின் மேடுபள்ளங்களை அழித்துத் தட்டையாக்கிவிடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் நுழையும் இயற்கை ஒளியே கல்லில் இருக்கும் வளைவுகளை எடுத்துக்காட்டும்.

கோயிலின் சிற்சபை, கனகசபைப் பகுதிகளில் படம் எடுக்கக் கூடாது. கோயில்களுக்குள் கைபேசி கொண்டு செல்லத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் நினைவில் கொள்ளத்தக்கது. எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை அந்தந்தக் கோயிலில் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

இரவு மேடை

மகாசிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி விழா நடைபெறுகிறது. கேமராவுக்கு இதைவிடக் கடினமான தேர்வு இல்லை. வெளிச்சமும் குறைவு, ஆடுபவரும் நிற்பதில்லை. கைபேசியின் இரவுப் பயன்முறை இங்கே பயன்படாது. பல படங்களை அடுக்கும்போது ஆடுபவரின் கைகள் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும். விளைவு மங்கிய தீற்றல்தான். லென்ஸில் உள்ள உறுதிப்படுத்தியும் உதவாது. அது எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும், எதிரே இருப்பவரின் அசைவை அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் "ஸ்டெபிலைசர் இருக்கிறது, இருட்டிலும் எடுக்கலாம்" என்று வாங்கி ஏமாறுபவர்கள் பலர்.

அசைவை உறைய வைக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/250 நொடியாவது வேண்டும். பார்வையாளர் மேடையிலிருந்து 15 மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். ஆடுபவரின் முழு உருவமும் படத்தில் அடங்க முழுச்சட்டகக் கேமராவில் சுமார் 150 மி.மீ. லென்ஸ் வேண்டும். அந்த இடத்தில் எஃப் 2.8 துளையுடைய லென்ஸ் ஐஎஸ்ஓ 3200-இல் சரியான படத்தைத் தருகிறது என்றால், எஃப் 5.6 வரை மட்டுமே திறக்கும் சாதாரண ஜூம் லென்ஸ் அதில் நான்கில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். அப்போது ஐஎஸ்ஓ 12800 வரை ஏற்ற வேண்டியிருக்கும். சிறிய சென்சாரில் அந்த எண்ணில் எடுத்தால் முகம் முழுவதும் மணல் தூவியது போல இருக்கும்.

நடனத்தை எடுக்க விரும்பும் மாணவர் ஒருவருக்கு எளிய வழி, ஏபிஎஸ்-சி கேமராவுடன் 85 மி.மீ. எஃப் 1.8 போன்ற நிலைத்த குவியத் தொலைவு லென்ஸ் வாங்குவது. அதில் ஜூம் கிடையாது. ஆனால் எஃப் 2.8 ஜூம் லென்ஸின் விலையில் சிறு பகுதிக்கே கிடைத்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சாரில் அதன் பார்வைக் கோணம் ஏறக்குறைய 130 மி.மீ. லென்ஸுக்கு ஒப்பாகும்.

மிரர்லெஸ் கேமராக்களில் ஓசையே எழுப்பாத மின்னணு ஷட்டர் உண்டு. கச்சேரி, நாட்டியம் போன்றவற்றில் பிறருக்குத் தொந்தரவில்லாமல் எடுக்க இது நல்லது. ஒரு சிக்கல் உள்ளது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. எல்இடி விளக்குகளின் கீழே மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழலாம். அப்படி விழுந்தால் இயந்திர ஷட்டருக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

பிச்சாவரத்தில் தொலைவுக் கணக்கு

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ளது பிச்சாவரம் அலையாத்திக் காடு. உள்ளூரில் சுரபுன்னைக் காடு என்பார்கள். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' இங்கே படமாக்கப்பட்டதால் சினிமா வழியாகவும் பலருக்குத் தெரிந்த இடம். 2022-இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி முதலிய பறவைகளைப் படகிலிருந்து காணலாம்.

கேமராவில் ஜூம் என்பது உண்மையில் எவ்வளவு தேவை என்பதை இங்கே ஒரு கணக்கால் விளக்கலாம். வெண்தொண்டை மீன்கொத்தியின் நீளம் சுமார் 28 செ.மீ. அது 20 மீட்டர் தொலைவில் ஒரு வேர்மேல் அமர்ந்திருக்கிறது. 26 மி.மீ. கணக்கிலுள்ள கைபேசிக் கேமராவில் அப்பறவை படத்தின் உயரத்தில் 60-இல் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான். 400 மி.மீ. லென்ஸில்கூட அது உயரத்தில் கால் பங்கை எட்டாது. பறவைப் படம் எடுப்பவர்கள் ஏன் 500, 600 மி.மீ. என்று ஏங்குகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். கைபேசித் திரையில் இரு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் ஜூம் அல்ல; எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே.

குறைந்த செலவில் தொலைவை எட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏபிஎஸ்-சி கேமராவும் 70–300 மி.மீ. லென்ஸும். சென்சார் சிறியதாக இருப்பது இங்கே நன்மையாகிறது: 300 மி.மீ. லென்ஸ் முழுச்சட்டகக் கணக்கில் 450 மி.மீ. போல வேலை செய்யும். மற்றொன்று, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா. 2018-இல் வெளிவந்த நிக்கான் பி1000 இவ்வகையில் எல்லைக்கே போன கேமரா. 24 முதல் 3000 மி.மீ. வரைக்கும் ஈடான 125 மடங்கு ஜூம் அதில் உண்டு. ஆனால் சென்சார் 1/2.3 அங்குலம்தான், முழு ஜூமில் லென்ஸின் துளை எஃப் 8, எடை 1.4 கிலோ. திறந்த நீர்ப்பரப்பில், நல்ல வெயிலில், கரையில் நின்று எடுத்தால் வியக்கத்தக்க படம் கிடைக்கும். குறுகிய கால்வாய்க்குள் மரநிழலில், ஆடும் படகிலிருந்து எடுத்தால் மங்கலான படமே கிடைக்கும். ஜூம் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

படகிலும் தேர்வு இருக்கிறது. துடுப்புப் படகு குறுகிய கால்வாய்களுக்குள் செல்லும், அதிர்வு இல்லை, பறவைகளும் அவ்வளவாக மிரளாது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தொலைவுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 400 மி.மீ. என்றால் 1/400 நொடி. படகில் அதை இருமடங்காக்கிக்கொள்வது நல்லது. பறக்கும் பறவைக்கு 1/1000 நொடிக்குக் குறையக் கூடாது. கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டியிருப்பது அலங்காரத்துக்கு அன்று. உப்புநீரில் விழுந்த கேமராவை மீட்டெடுப்பது அநேகமாக முடியாத காரியம். தண்ணீரில் இறங்கும் எண்ணமுள்ளவர்களுக்கென 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற கேமராக்கள் உள்ளன. அவற்றில் தொலைதூர ஜூமை எதிர்பார்க்க முடியாது.

உப்புக்காற்றும் பூஞ்சையும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள வெள்ளிக் கடற்கரையும், அதன் அருகே எஞ்சியிருக்கும் புனித டேவிட் கோட்டையின் சிதைவுகளும், முதுநகர் துறைமுகத்தின் விடியற்காலை மீன் ஏலமும் நல்ல படங்களுக்கு உரிய இடங்கள். கேமராவுக்கு இவையே ஆபத்தான இடங்களும்கூட. மணலும் உப்புத் திவலையும் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றக் கூடாது. உள்ளே போன ஒரு மணல் துகள் சென்சாரின் மேல் உட்கார்ந்தால் பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒரு கரும்புள்ளி தெரியும். இந்த வட்டாரத்தில் அடிக்கடி படம் எடுப்பவர் ஒரே லென்ஸில் பல வேலைகளைச் செய்யும் 18–135 மி.மீ. போன்றதைப் பொருத்திக்கொண்டு வெளியே போவது புத்திசாலித்தனம். வீடு திரும்பியதும் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும்.

கடலோர மக்கள் கேமரா வாங்கும்போது எண்ணிப் பார்க்காத செலவு ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காற்றில் ஈரம் மிகுதி. பையில் போட்டு அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் கண்ணாடிமேல் படரும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். சுத்தம் செய்தாலும் தடம் போகாது. தோல் பையில் வைப்பது இன்னும் மோசம், ஏனெனில் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தால் போதும். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். வாரம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவதும் பூஞ்சையைத் தடுக்கும்.

ஆவணமாகும் படம்

அழகான படம் வேறு, ஆவணப் படம் வேறு. இரண்டுக்கும் கேமராவில் தேடும் குணங்களும் வேறு. கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. அங்குள்ள விருத்தகிரீசுவரர் கோயிலில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை திருடப்பட்டு, 2004-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டது. சிலை எந்தக் கோயிலுக்கு உரியது என்பதை உறுதிப்படுத்தியது ஒரு பழைய ஒளிப்படம். 1955-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஊர் ஊராகச் சென்று படம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தது. அதில் இச்சிலை கோயிலில் இருந்த நிலையில் பதிவாகியிருந்தது. 2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் இந்தியா வந்தபோது, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் சிலையுடன் சேர்த்து இதையும் திருப்பி ஒப்படைத்தார்.

இத்தகைய படத்தில் கலைநயம் தேவையில்லை. சிலையின் முன்புறம் முழுமையாக, வளைவின்றி, மூலை முதல் மூலை வரை தெளிவாக இருக்க வேண்டும். உடைந்த விரல், சிதைந்த விளிம்பு, கல்லின் கீறல் ஆகியவைதான் பின்னாளில் அடையாளம் சொல்லும். பின்னணியை மங்கலாக்கும் கைபேசியின் உருவப்படப் பயன்முறையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது; அது விளிம்புகளைத் தானாக ஊகித்து அழிக்கிறது. தோற்றத்தை மெருகேற்றும் வடிப்பான்களும் கூடாது. 50 மி.மீ. கணக்கிலான லென்ஸ், எஃப் 8 துளை, முக்காலி, பக்கத்தில் ஓர் அளவுகோல் இருந்தால் எந்தச் சாதாரண கேமராவும் நல்ல ஆவணப் படத்தைத் தரும்.

இடத்தையும் நேரத்தையும் கோப்பிலேயே பதிவு செய்வதில் கைபேசி பல விலை உயர்ந்த கேமராக்களை விட மேலானது. பெரும்பாலான கேமராக்களில் இருப்பிடம் பதிவாகாது. நாள், நேரம்கூட உரிமையாளர் சரியாக அமைத்திருந்தால்தான் சரியாக இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுவதுடன் இந்தத் தகவல்களும் நீக்கப்படுகின்றன. எனவே மூலக் கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும்.

கோயிலுக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் தோப்புக்கும் இது பொருந்தும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. சாய்ந்த மரத்தைப் படம் எடுக்க எல்லாருக்கும் தோன்றும். மரம் நின்றிருந்தபோது எடுத்த படம் இருந்தால்தான் இழந்தது எவ்வளவு என்று காட்ட முடியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எடை முதலில். பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்பவர் இரண்டு கிலோ கருவிகளை முதல் நாள் ஆசையாகச் சுமப்பார். மூன்றாம் நாள் அறையிலேயே வைத்துவிட்டுப் போவார். மிரர்லெஸ் கேமராக்கள் டிஎஸ்எல்ஆரை விடச் சிறியவை, ஆனால் பேட்டரி விரைவில் தீரும். கூடுதல் பேட்டரி ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விமானத்தில் செல்பவர்கள் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது.

கேமரா உடலை விட லென்ஸுக்குக் கூடுதல் பணம் ஒதுக்குவது நல்லது. உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த கேமராவிலும் பயன்படும்.

மாணவர்களுக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் சிக்கனமான தேர்வு. நிறுவனங்கள் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால் நல்ல நிலையிலுள்ள டிஎஸ்எல்ஆர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று கேட்க வேண்டும். தொடக்க நிலைக் கேமராக்களின் ஷட்டர் சுமார் ஒரு லட்சம் முறை இயங்குவதற்காக வடிவமைக்கப்படுகிறது. வெள்ளைச் சுவரை எஃப் 16 துளையில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் உள்ள தூசி தெரியும். கடைசியாக லென்ஸைக் கழற்றி, துளையை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். ஓரிரு தூசித் துகள்கள் இருந்தால் பாதகமில்லை. வேர் போலக் கிளைத்த வெள்ளை இழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த லென்ஸை வாங்கக் கூடாது.